மயில்துத்தம் தின்ற நாய்

எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்த வருஷம் அது. நாரணாபுரத்தில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டினோம். மைதாப் பசையைக் காய்ச்சி, வேறு சட்டிக்கு மாற்றிய பிறகுதான் மயில்துத்தம் கலப்போம். பெட்டியைப் பூச்சி, எலி அரிக்காமல் இருக்கப் போடும் நீல நிற விஷம் அது. அடுப்புச் சட்டியில் அடிப்பிடித்த பசை எங்கள் நாய்க்கு. ஒரு நாள், அன்று சாயங்காலமே லோடு போக வேண்டுமென்று கம்பெனியில் நெருக்கினார்கள். எட்டாவது வரை படித்த நான், அவசரத்தில் அடுப்புச் சட்டியிலேயே துத்தத்தைக் கொட்டிவிட்டேன். எட்டு வயது மகள் வழக்கம்போல அந்தச் சட்டியை நாயின் முன் வைத்தாள்.

மத்தியானம் நாய் வாந்தி எடுத்தது. பிறகு ரத்தமாகக் கழிந்தது. தடவப்போன மகளின் விரலைக் கவ்வியது, பல் பதிந்துவிட்டது.

எதிர்வீட்டு மாமா கம்போடு வந்தார். பின்னால் தெருவே வந்தது.

"வெறி புடிச்சிருச்சு. தள்ளு தாயி."

"நீலமா கக்குற வெறிநாயை எங்கன பாத்தீக மாமா? துத்தத்தைப் போட்டது நான். நாய் மேல பழி போடாதீக."

"பிள்ளையக் கடிச்சிருக்கு, அதுக்குப் பரிஞ்சு பேசுற. படிச்ச திமிரு."

"ஆமா, திமிருதான். கம்பைக் கீழ போடுங்க."

வெறி இல்லையென்று எனக்கும் முழு நிச்சயம் இல்லை. ஆனாலும் வாசலை விட்டு நகரவில்லை. லோடு ஏற்ற வந்த வண்டியில், பெட்டிகளுக்குப் பதில் நாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு சிவகாசிக்குப் போனேன்.

பெரியாஸ்பத்திரியில் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். நாய் பத்து நாள் உயிரோடு இருந்தால் ஊசி வேண்டாம். செத்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார்கள். மகள் என் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் நாயைச் சுற்றியிருந்த சாக்கில் காய்ந்திருந்த நீல வாந்தியைப் பார்த்தார்.

"துத்தம்தான். குடல் வெந்துபோச்சு. செரிக்க வைக்கிற நல்ல கிருமிக குடல்ல கூட்டமா இருக்கும், அதுகளும் செத்திருக்கும். ரத்தம் நின்னாலும் கழிச்சல் சட்டுனு நிக்காது. இந்த மருந்து வயித்துல தங்குனபெறகு கஞ்சித்தண்ணி குடுங்க. அப்புறம் புளிச்ச மோரு, கொஞ்சங்கொஞ்சமா. மோருலயும் அந்த மாதிரிக் கிருமி உண்டு."

பத்து நாளும் ஒரு பெட்டிகூட ஒட்டவில்லை. மகள் பால் குடித்த சங்கிலேயே நாய்க்கு மோர் புகட்டினேன். தெரு முகம் சுளித்தது. சுளிக்கட்டும் என்று விட்டேன். மூன்றாம் நாள் ரத்தம் நின்றது. ஏழாம் நாளும் தண்ணீராகத்தான் போனது. விடிந்ததும் அதன் விலா ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். இன்றைக்கும் கண் விழித்ததும் மகள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்காமல் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

பதினோராம் நாள் காலையில் கயிற்றை அவிழ்த்தேன். நாய் நேரே தெருவைக் கடந்து, மாமா வீட்டு வாசலில் கெட்டியாகப் பேண்டது.

"ஏத்தா, வந்து கழுவு."

"கழுவுறேன் மாமா. அன்னைக்கு உங்க பின்னால வந்த அம்புட்டுப் பேரையும் முதல்ல கூப்பிடுங்க. பாத்துட்டுப் போகட்டும்."

அவர்கள் வரும்வரை நான் வாளியைத் தூக்கவில்லை.