வழியில் கிடந்த ஓலை

கல்லூரியில் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பதக்கம் கிடைத்தால் படத்தில் நடுவே நிற்பது முதல்வர். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் கேள்வி வரும்: இந்த டீச்சர் எந்த ஊர், என்ன படித்தாள், இவளை யார் வேலைக்கு வைத்தது? அந்தக் கேள்வி எல்லாம் என் தலையில் இறங்கப் போகிறது என்று ஒரு காலையில் நடுங்கி நின்றேன். 

நான் பூவார் கடற்கரைக்காரி. அப்பாவுக்கு மீன்பிடி வள்ளம். ஓடக் கற்றுக்கொண்டது மணலில். பல்கலைக்கழகப் போட்டிகளில் ஓடினேன். போலீஸ் வேலை கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை. பிறகு உடற்கல்வி படித்து, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். கூட இருந்த பயிற்சியாளர் பட்டாளத்து அணிக்காக ஓடி ஓய்வு பெற்று வந்த பாறசாலைக்காரர். அவர் விசிலால் வேலை வாங்குவார், நான் வாயால். ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் அந்தப் பிள்ளைக்கு என்னிடம் அர்ச்சனை உண்டு. பயம் இல்லாவிட்டால் பிள்ளைகள் ஓடுமா?

எங்கள் இரண்டு பேருக்கும் ஓடத் தெரியும், மலை தெரியாது. கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கு ஏற்ற இறக்கம் வேண்டும் என்று அணியை அம்பூரிக்குக் கொண்டுபோனோம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நேரே வந்துவிடுவார்கள், மற்றவர்கள் கல்லூரி வேனில். வெயில் ஏறினால் ரப்பர் தோட்டத்துக்குள் மூச்சு முட்டும். ஆகவே வெளுக்கும் முன்பே ஓட்டம், நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு. அந்த நேரத்தை வைத்தது நான்.

அன்றைக்கு நான் முன்னால் போய்ப் பாதையைப் பார்த்து வந்தேன். மரச்சீனி விளைக்குள், அதாவது மரவள்ளித் தோட்டத்துக்குள், பிரியும் ஒற்றையடிப் பாதையின் வாயில் காய்ந்த தென்னை ஓலை ஒன்று குறுக்கே கிடந்தது. அதன் நுனி எங்கள் பாதைவரை நீண்டிருந்தது. எவன் கொண்டு போட்டானோ, பிள்ளைகள் கால் இடறி விழுந்து பல் போகவா என்று திட்டிக்கொண்டே அதை இழுத்துப் பள்ளத்தில் எறிந்தேன்.

ஓட்டம் முடிகிற இடம் ஒரு சாயாக்கடை. எல்லாரும் வந்து சேர்ந்தார்கள், ஒருத்தியைத் தவிர. அந்த மாதம்தான் அணியில் சேர்ந்தவள். அம்பூரிப் பிள்ளை என்று தெரியும், அவ்வளவுதான்.

"அவ மரச்சீனி விளைக்குள்ள ஏறிப் போனா டீச்சரே" என்றாள் பின்னால் வந்தவள்.

சாயா ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அக்காவின் கை அப்படியே நின்றது. "எந்த விளை? வழியில ஓலை கெடந்துதே, அதா?"

"ஆமா. நான்தான் அதைத் தூக்கிப் போட்டேன்."

"அய்யோ, எனக்க டீச்சரே! அது சும்மா கெடந்த ஓலையா? பன்னிக்குக் கரண்டுக் கம்பி கெட்டின விளையாக்கும் அது. உள்ள போவாதங்கதுக்குத்தான் ஓலை."

காட்டுப்பன்றி இறங்கிக் கிழங்கை எல்லாம் தோண்டிவிடுகிறது என்று வீட்டுக் கரண்டிலிருந்து கம்பி இழுத்துவிடுகிறார்கள். சட்டப்படி குற்றம். வெளியே தெரிந்தால் போலீஸ் வரும். அதனால் யாரும் வாய் திறப்பதில்லை, ஓர் ஓலையை இழுத்துப் போடுவார்கள். ஊர்க்காரர்களுக்கு அது போதும். கடற்கரையிலிருந்து வந்த எனக்கு யார் சொல்வார்கள்?

பட்டாளத்துச் சார் விளையைப் பார்த்து ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. விளையின் ஓரத்தில் அவர் கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"ஒரு அடி வைக்காதிய டீச்சரே! தொடாதிய!"

அவர் டார்ச் வெளிச்சத்தில் கம்பி தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே, நூல் போல மெல்லிசு. அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. அவர் விசில் ஊதினார். பதில் இல்லை. மரச்சீனிச் செடிகளுக்கு நடுவில், தரையில், கறுப்பாக ஏதோ கிடந்தது.

அதைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவளுடைய அம்மாவிடம் என்ன சொல்லுவேன்? எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

"பன்னி" என்றார் அவர். "பன்னியாக்கும் டீச்சரே. செத்துக் கெடக்கு."

கண்ணைத் திறந்தேன். பன்றியின் கால்கள் விறைத்துக் கிடந்தன. கம்பியில் கரண்டு ஓடுகிறது என்பதும் தெரிந்துவிட்டது.

அப்போது விளையின் உள்ளே, ஒரு வீட்டின் பின்பக்கம் விளக்கு எரிந்தது. கையில் தண்ணீர்க் குப்பியோடு அவள் செடிகளுக்குள் புகுந்து துள்ளி ஓடி வந்தாள். "நில்லு! ஏட்டி, நில்லு!" என்று இரண்டு பேரும் அலறினோம். அவள் குனிந்துகூடப் பார்க்காமல் ஒரு காலைத் தூக்கிக் கம்பிக்கு இந்தப் பக்கம் வைத்தாள். பிறகு மற்றக் காலையும்.

"வெள்ளம் குடிக்கப் போனேன் டீச்சரே. எங்க வீடாக்கும் இது."

அடிக்கத்தான் கை ஓங்கினேன். அடிக்க முடியவில்லை, இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். 

"இதுல கரண்டு உண்டுன்னு உனக்குத் தெரியுமா மக்கா?"

"தெரியும். வெளுத்த பொறவுதான் அப்பா அணைப்பாரு."

"அப்போ டெய்லி பிராக்டீசுக்கு?"

"தாண்டித்தான் வாறேன். அப்பாவ எழுப்பினா, இருட்டுல ஓட்டமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லீருவாரு." குப்பியின் மூடியைத் திருகினாள். "லேட்டா வந்தா நீங்க சத்தம் போடுவிய."

பட்டாளத்துச் சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பன்றிக்குப் பயப்படாதவள், கம்பிக்குப் பயப்படாதவள், என் வாய்க்குப் பயந்திருக்கிறாள்.

"உங்க அப்பாவைப் பார்க்கணும்" என்றேன். 

"நான் போய் எழுப்பிக் கூட்டீட்டு வாறேன் டீச்சரே" என்று அவள் திரும்பிக் காலைத் தூக்கினாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "வேண்டாம். வெளுக்கட்டும்."

வெளுக்கும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.