என் நோட்டில் இருந்த காட்டேரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது நல்ல படம் இல்லை. கதாநாயகிக்குப் பதினேழு வயது, கதாநாயகனுக்கு இருநூறு. அவன் இரத்தக் காட்டேரி. முகத்தில் கோலமாவை அப்பிக்கொண்டு படம் முழுக்கப் பெருமூச்சு விடுவான். அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போவான், கேட்டால் காதலாம். தமிழில் குரல் கொடுத்த புண்ணியவான் மளிகை லிஸ்ட் படிக்கிற மாதிரி பேசியிருந்தார். இத்தனையும் தெரிந்துதான் அந்தக் கண்றாவியைப் பதினோரு தடவை பார்த்தேன். ரசித்துப் பார்த்தேன். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு காலேஜுக்குக் காத்திருந்த நாட்கள் அவை. எங்கள் வீடு பாகூர்ப் பக்கம். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். அந்தப் படம் ஒரு நாவலை வைத்து எடுத்தது. நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தது. கடைசி முப்பது பக்கத்தை எவளோ கிழித்துக்கொண்டு போயிருந்தாள், அவள் கை விளங்காமல் போக. முடிவு தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் அம்மாவின் போனில் படத்தைத் தேடிப் பிடித்தேன். கடைசியில் அந்த வெளுத்த பயல் அவளைத் தனியே விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விடுகிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு நோட்டை எடுத்து வேறு முடிவு எழுத ஆரம்பித்தேன். படத்தில் வருகிற பனிக்காட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எங்கள் கரும்புக் கொல்லையைப் போட்டேன். அவள் பெயர் வர வேண்டிய இடத்திலெல்லாம் 'நான்' என்று போட்டேன்.

அதுதான் வினை. நோட்டு சித்தப்பா கையில் சிக்கியது. அப்பாவின் தம்பி அவர். பஸ் போர்டைக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்கிற மனுஷன், என் நோட்டை ஒரு வரி விடாமல் படித்திருந்தார். 'இன்றும் கரும்புக் கொல்லை ஓரம் நின்றான். வெள்ளையாக இருந்தான். வெயிலில் வரமாட்டான். ஜன்னல் வழியாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.'

அப்பா என்னைக் கூடத்தில் நிற்க வைத்தார்.

"யார்டி அவன்?"

"யாரும் இல்லப்பா. கதை."

"எந்த ஊரு? இன்னா ஆளுங்க?"

நல்லவனா, என்ன படிக்கிறான், என்னிடம் ஒழுங்காக நடந்துகொண்டானா, ஒன்றும் கேட்கவில்லை. இன்னா ஆளுங்க. அப்பாவுக்கு முதல் கேள்வியும் அதுதான், கடைசிக் கேள்வியும் அதுதான்.

"கதைன்னா நம்ப கரும்புக் கொல்லைக்கு எப்படிடி வருவான்?" என்றார் சித்தப்பா. இந்த அறிவுக்கு நான் என்ன பதில் சொல்ல?

பாண்டிச்சேரியில் ஒரு காலேஜில் எனக்கு கெமிஸ்ட்ரி சீட்டு கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பா அந்தக் கடிதத்தை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். "காலேஜும் வாணாம், ஒரு மயிரும் வாணாம்." அன்று வியாழக்கிழமை. அம்மா வாயைத் திறக்கவில்லை. அவள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

சித்தப்பா பைக்கை எடுத்துக்கொண்டு வெள்ளைப் பையனைத் தேடிக் கிளம்பினார். சனிக்கிழமை சாயங்காலம், புதையலைத் தோண்டியெடுத்த முகத்தோடு வந்து நின்றார்.

"ஆளப் புடிச்சிட்டேண்ணா. கிருமாம்பாக்கத்துல மெயின்ரோட்டு மேல, புதுசா குடிவந்த பேங்க் மேனேஜர் வூடு. ஜன்னல்ல பாத்தேன், பையன் சுண்ணாம்பாட்டம் இருக்கறான். ரெண்டு நாளா எதுத்த டீக்கடையில குந்திப் பாக்கறேன், வெயில்ல தலையே காட்டல. இவனேதான்."

அந்தப் பையனுக்கு அம்மை போட்டிருந்தது என்று பின்னால் தெரிந்தது. வாசலில் கொத்து வேப்பிலை செருகியிருந்ததாம். ரெண்டு நாள் டீ குடித்த எங்கள் துப்பறியும் புலிக்கு அது கண்ணில் படவில்லை.

"நாளைக்கு நாலு பேரக் கூட்டிகினு போய் கேட்டுட்டு வந்துடறேன்" என்றார். எங்கள் ஊரில் நாலு பேர் போய்க் கேட்பது என்றால் வாயால் கேட்பது இல்லை.

நான் முகத்தையே பார்த்திராத ஒருத்தன் என் நோட்டால் உதை வாங்கப் போகிறான், என் சீட்டும் போகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவின் போனைப் பிடுங்கி, அந்தப் படத்தைப் போட்டு, ஒரு சொம்பின்மேல் சாய்த்து வைத்தேன். "இதப் பாத்துட்டு அப்புறம் எவனை வேணா அடிங்க!" என்று கத்தினேன். நான் அந்த வீட்டில் கத்தியது அதுதான் முதல் தடவை. அந்த அதிர்ச்சியிலேயே மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

நோட்டை விரித்து வைத்துக்கொண்டு காட்சிக்குக் காட்சி விரலால் காட்டினேன். இதோ வெள்ளை. இதோ வெயில். இதோ ஜன்னல். கால் மணி நேரத்தில் சித்தப்பா, "கொஞ்சம் சும்மா இருடி, கேக்க வுடு" என்று என்னையே அதட்டினார். அந்தப் பெண் அவன் பின்னால் கூரைமேல் ஏறுகிற இடத்தில் அம்மா, "பேய்க்கு வாக்கப்பட்டா முருங்க மரம் ஏறித்தானே ஆவணும்" என்று சிரித்தாள். மூன்று நாளில் அவள் திறந்த வாய் அதற்குத்தான்.

அப்பா மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை.

"அப்ப இவன் ஆளே இல்லியா?"

"இல்லப்பா. காட்டேரி."

"செத்தவனா?"

"செத்து இருநூறு வருசம் ஆவுது."

அப்பாவின் தோள் தளர்ந்தது. "அட, காட்டேரிதானா! அத மொதல்லியே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?"

கதை என்று மூன்று நாளாகச் சொன்னேன், நம்பவில்லை. காட்டேரி என்றதும் நம்பிவிட்டார். எங்கள் பக்கம் காட்டேரி என்றால் கொல்லை ஓரத்துச் சாமி. பெண்களைப் பிடித்துக்கொண்டால் படையல் போட்டு அனுப்பிவைப்பார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அன்று மதியமே எனக்கும் போட்டார்கள். அம்மா கருவாட்டுக் குழம்பும் முட்டையும் முருங்கைக்கீரையும் ஆக்கி, கரும்புக் கொல்லை ஓரத்தில் முறத்தில் வைத்துப் படைத்தாள். படத்துக் காட்டேரி சோறே தின்ன மாட்டான் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

படையல் முடிந்ததும் அப்பா என் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். பாரம் இறங்கின மாதிரி சிரித்தார். தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"உசுரோட ஒருத்தன் இருந்திருந்தான்னு வையி..."

முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய அவசியமும் இல்லை. பதினோரு தடவை பார்த்தும் அந்தப் படத்தில் ஒரு இடத்தில்கூட நான் பயந்ததில்லை. அப்பாவின் கை தலைமேல் இருந்தபோது பயந்தேன்.

திங்கட்கிழமை காலேஜில் சேர்ந்தேன். பஸ்ஸுக்குப் பின்னாலேயே சித்தப்பாவின் பைக் வந்தது. மூன்று வருடம் அந்தக் காலேஜில் எந்தப் பையன் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒழுக்கமான பெண் என்று ஊரில் பெயர் எடுத்தேன். ஒழுக்கமாவது மண்ணாவது. அவனவன் உயிரோடு இருக்கட்டும் என்றுதான்.