எந்தச் சுவரில் மாட்டுவீர்கள் என்று கேட்ட மனிதர்

குலேந்திரன் அண்ணை காலமாகிவிட்டார் என்று தொலைபேசியில் சொன்ன குரலை நான் நம்பவில்லை. யார் பேசுவது என்று கேட்டேன். மருமகன் என்றது குரல். எந்த ஆஸ்பத்திரி? களுபோவில. எத்தனையாம் வார்ட் என்று நான் கேட்டபோது அந்தப் பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. "அன்ரி, இதில நான் ஏன் பொய் சொல்லப் போறன்?" என்றான். தொலைபேசியை வைத்துவிட்டு, அண்ணையின் பக்கத்து வீட்டுக்காரருக்கு எடுத்து விசாரித்த பிறகுதான் உட்கார்ந்து அழுதேன். இதை அறிந்திருந்தால் அண்ணை என்னை மெச்சியிருப்பார்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கொழும்புக் கோட்டையில் ஒரு தனியார் வங்கியில் நாங்கள் அடுத்தடுத்த மேசைகளில் வேலை செய்தோம். வெள்ளவத்தைக்கு எந்த பஸ்ஸில் போகிறீர்கள் என்று கேட்டால், "ஏன் கேக்கிறாய், சாந்தி?" என்று திருப்பிக் கேட்பார். தன் நிழலையே இரண்டு தரம் திரும்பிப் பார்க்கும் மனிதர். குற்றம் சொல்லவும் முடியாது. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை எடுத்துக் காட்டிக் காட்டியே அதன் ஓரம் தேய்ந்துபோன காலம் அது. அதிலும் அவர் கையில் கமரா. மரக்கறிப் பையில் கீரைக்கட்டுக்கு அடியில் அதை ஒளித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுக்கப் போவார். பிலிம் சுருளைக் குளியலறையில் தானே கழுவுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறேன், படங்களை விற்கவும் போகிறேன் என்று சொன்னபோது எனக்கே சந்தேகம் வந்தது. ஏன் என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள வைச்சிருந்தா செக்கிங்குக்கு வாறவன் மட்டும்தான் பாப்பான். அவனுக்கெண்டே நான் படம் எடுத்தனான்?" என்றார்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், பிள்ளைகளின் விடுமுறைக்கு மூடியிருந்த டியூட்டரி ஒன்றின் மேல்மாடியைக் கேட்டு வாங்கினோம். பொலிஸ் அனுமதியும் எடுத்தோம். பிறகு படங்களைத் தெரிவு செய்ய உட்கார்ந்தார். ரயில் பாதை தெரிகிற படம் வேண்டாம். பாலம் வேண்டாம். கடலும் வேண்டாம், கடலில் என்ன மிதக்கிறது என்று கேட்பார்கள். ஆமிக் காவலரணான சென்றி பொயின்ற் ஓரத்தில் விழுந்த படமென்றால் அந்த ஓரத்தையே வெட்டிவிட்டுப் பிரிண்ட் போட்டார். கடைசியில் சுவரில் ஏறியவை காகங்கள், மழை, கோயில் வாசல் செருப்புகள், கடலைவண்டி. அவற்றோடு மழைக்கு ஒதுங்கிய மனிதர்கள் சிலர்.

விற்பனை மேசை என்னுடையது. விற்ற படத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்ட வேண்டும். படம் கடைசி நாள்வரை சுவரிலேயே இருக்கும், முடிந்த பிறகுதான் வாங்கியவர் எடுத்துப் போகலாம். ஆனால் நான் பொட்டை ஒட்டுவதற்கு முன் அண்ணை வந்து வாங்குகிறவரிடம் ஒரு கேள்வி கேட்பார்: "எந்தச் சுவரில மாட்டுவீங்கள்?" சுவரைச் சொல்லத் தெரியாதவருக்கு விற்க மாட்டார். ஒரு டொக்டர் தன் டிஸ்பென்சரியில் நோயாளிகள் காத்திருக்கும் இடம் என்றார், உடனே கொடுத்தார். நுகேகொடையிலிருந்து வந்த ஒரு சிங்கள ஆசிரியை, சாப்பாட்டு மேசைக்கு மேலே என்றார், கொடுத்தார். ஷேர்ட்டை வெளியே விட்டு வெறுங்கையோடு வந்த இருவர் "எங்கயாவது மாட்டுவம்" என்றார்கள். அந்தப் படம் விலைப்பட்டுவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார். "படம் வாங்க வாறவன் படத்தைப் பாப்பான், சாந்தி. படத்துக்குள்ள ஆளைத் தேடுறவன் வேற" என்பது அவருடைய வேதவாக்கு.

இரண்டாம் நாள் ஒரு வயதானவர் வந்தார். மற்றப் படங்களைத் திரும்பியும் பார்க்காமல் ஒரே படத்தின் முன்னால் போய் நின்றார். வெளிநாட்டு அழைப்புகளுக்குச் சனம் காத்திருக்கும் கொமியூனிகேஷன் கடை ஒன்றின் வாசல் அது, மழை நேரம். படியில் குந்தியிருக்கும் ஓர் இளைஞனின் முகத்தில் அவர் விரலை வைத்தார். அண்ணை என்னைப் பார்த்தார், நான் அண்ணையைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருடைய நெஞ்சிலும் ஒரே எண்ணம்தான். படத்தில் இருக்கும் பொடியனுக்கு ஏதோ வரப்போகிறது.

"எந்தச் சுவரில மாட்டுவீங்கள்?"

"மாட்டுறதுக்கில்லை."

"அப்ப அது விலைக்கில்லை, ஐயா" என்று சொல்லி, அண்ணை தானே ஒரு பொட்டை எடுத்து அந்தப் படத்தில் ஒட்டினார்.

மறுநாள் அந்த ஐயா மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா படத்தைக் கண்டதும் சத்தமில்லாமல் அழுதார். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் நின்ற தங்கள் மகன் ரமணன் என்றார்கள். தீபாவளிக்கு முந்தின கிழமை நடந்த சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்களாம். கேட்ட இடமெல்லாம் அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்ற பதில்தானாம். அண்ணை என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "அழுறதுக்கும் ஆக்களைப் பழக்கி அனுப்பலாம்" என்று காதுக்குள் சொன்னார். அன்று அவரை அறையலாம் போல இருந்தது எனக்கு.

பிறகு அம்மாவிடம் போய்க் கேட்டார். "இந்தப் படத்தில தெரியாத ஏதாவது சொல்லுங்கோ, உங்கட மகனைப் பற்றி."

அம்மா யோசிக்கவே இல்லை. "இடக்கைச் சின்னவிரல் மடங்காது. சின்னனில கதவுக்குள்ள நசிஞ்சது. தேத்தண்ணி குடிக்கேக்கயும் அது நீட்டிக்கொண்டுதான் நிக்கும்."

படத்தில் இடக்கை இல்லை. சென்றி பொயின்ற்றின் மண்மூட்டைகளை மறைக்க அண்ணை வெட்டிய ஓரத்தோடு அந்தக் கையும் போயிருந்தது. அவர் அவர்களைக் கடைசி நாளன்று வரச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். கடைசி நாள் காலையில், வெட்டாத முழுப் படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தார். மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில், தேநீர்க் குவளை பிடித்த கையில் சின்னவிரல் விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றது. மண்மூட்டை தெரிகிற படத்தைக் கையில் கொண்டு காலி வீதியால் நடந்து வந்த அண்ணையை அன்றுதான் நான் கண்டேன்.

அம்மா அந்த விரலைத் தடவினார். பிறகு நாங்கள் யோசிக்காத கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, இது எப்ப எடுத்த படம்? தீபாவளிக்கு முந்தியோ, பிந்தியோ?"

பிந்தியென்றால் பிள்ளையை விட்டுவிட்டார்கள், எங்கோ இருக்கிறான். முந்தியென்றால் ஒன்றுமில்லை. அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு பேரும் அண்ணையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணை படத்தைத் திருப்பி அதன் வெறும் பின்பக்கத்தைப் பார்த்தார். அவர் எந்த நெகட்டிவிலும் திகதியோ இடமோ குறிப்பதில்லை. படத்தின் பின்பக்கம் எழுதியிருந்த திகதிக்காக ஒரு நண்பரை விசாரணைக்குக் கொண்டுபோனதிலிருந்து அந்தப் பழக்கம். சுருளைத் துண்டு துண்டாக வெட்டி, எது எதற்குப் பிறகு என்று தெரியாதபடி பிஸ்கட் டின்களில் கலந்து போட்டிருந்தார். எவரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று செய்தது. அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. படத்தில் மழை இருந்தது, ஆனால் கொழும்பில் தீபாவளிக்கு முன்னும் மழைதான், பின்னும் மழைதான்.

அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு அந்தக் கடைக்கு ஓடினார். படத்தில் தெரிந்த புதுப் பெயர்ப்பலகையை எப்போது மாட்டினீர்கள் என்று முதலாளியிடம் கேட்டார். அந்த முஸ்லிம் முதலாளிக்கு அண்ணையை நல்ல பழக்கம். ஆனாலும் படத்தில் மண்மூட்டைகளைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார். "எனக்கு ஒண்டும் ஞாபகமில்ல சேர். நான் கடைய நடத்தணுமே." திரும்பி வந்த அண்ணை என்னிடம், "அவரில பிழையில்லை. நானும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

அம்மா கெஞ்சினார். "பிந்தித்தான் எண்டு சொல்லுங்கோவன், தம்பி."

"எனக்குத் தெரியாதம்மா. தெரியாததை நான் சொல்லேலாது."

ஒரு 'ஓம்' சொன்னால் இவருக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது வேறு. "இவ்வளவு நாளும் வந்து கதைச்ச எல்லாரும் 'கண்டனாங்கள், இருக்கிறான்' எண்டுதான் சொன்னவை. தெரியாதெண்டு சொன்னது நீங்கள் ஒராள்தான்." பிரிண்டை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு போனார்.

அண்ணைக்கு உண்மையில் திகதி தெரிந்திருந்ததோ, முந்தியென்று அறிந்துதான் மறைத்தாரோ என்று நான் பல காலம் சந்தேகப்பட்டிருக்கிறேன். கேட்டும் இருக்கிறேன். "ஏன் கேக்கிறாய்?" என்பதோடு நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு அவர் கண்காட்சி வைக்கவில்லை. பிஸ்கட் டின்களைக் கொட்டி நெகட்டிவ்களை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பதை மட்டும், அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கண்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் என் தொலைபேசி அடித்தது. தெரியாத எண், வயதான குரல். யார் என்று நான் விசாரிக்க முதலே, "நான் ரமணன்ரை அம்மா" என்றார். அண்ணை போன செய்தியைப் பத்திரிகையில் கண்டாராம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணைக்கு எடுப்பாராம். தனக்கு ஏதும் நடந்தால் கேட்கச் சொல்லி என் எண்ணை அண்ணைதான் கொடுத்து வைத்திருந்தாராம். யாருடைய எண்ணையும் யாருக்கும் கொடுக்காத மனிதர் அவர்.

"பிள்ளை, தம்பி போக முதல் அந்தத் திகதியைப் பற்றி ஏதும் சொன்னவரே?"

'ஓம்' என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. எண்பதைத் தாண்டிய மனுசி, ஐயாவும் போய்விட்டார், இனி யார் வந்து என்னைக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். "இல்லையம்மா. எனக்குத் தெரியாது" என்றேன்.

"சரி பிள்ளை. வாற தீபாவளிக்கு எடுக்கிறன்" என்றார்.

கமராவும் டின்களும் மருமகனுக்குப் போய்விட்டன. அண்ணையிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது இந்த அழைப்புத்தான்.