பழைய பஜார் மைதானத்தில் எட்டுப் பேர்

இது நடந்தது. பட்டவரே சொன்னது. சந்தேகப்படுகிறவர்கள் விருதுநகருக்குப் போய், பழைய பஜார் மைதானத்து வேப்பமரத்தடியில் பீர் முகைதீனைக் கேட்கலாம். உச்சிவெயிலில் மட்டும் போக வேண்டாம்.

2006, ஆகஸ்ட் மாதம். நவநீதகிருஷ்ணனுக்கு அன்று மூன்று மணிக்கு, விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் அரசு அலுவலகத்தில் விசாரணை. விஸ்வநத்தத்தில் அவருடைய பட்டாசுக் கம்பெனியில் ஓர் அறை வெடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாலு பேர் மட்டுமே இருக்கவேண்டிய அறை. சீசன் ஆர்டருக்காக அதில் பதினொரு பேரை உட்கார வைத்திருந்தார். பதினொருவரும் செத்துப் போனார்கள். நாலு பேர் என்று எழுதிக் கொடுத்தார். மற்ற ஏழு பெண்கள் அன்று வேலைக்கே வரவில்லை என்றார். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கேட்க ஆள் இல்லை. இன்று அதையே வாயால் சொல்லிவிட்டால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். உண்மையைச் சொன்னால் ஜெயில்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கே விருதுநகர் வந்துவிட்டார். மைதானத்தின் ஓரம் ஒரு பலகை கண்ணில் பட்டது. நூறு வருடத்துக் கட்டடங்களை வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம். பொழுது போகட்டும் என்று இறங்கினார்.

மரத்தடியில் இருந்த வயதான வழிகாட்டி பீர் முகைதீன் எழுந்து வந்தார். வந்தவர் நின்றுவிட்டார்.

"ஒரு நடைக்கு ஆறு பேருக்கு மேல கூட்டிட்டுப் போறதில்லை மொதலாளி. நீங்க எட்டுப் பேரு. ரெண்டு நடையா வாங்க."

"எட்டா? கண்ணாடியத் தொடைச்சுட்டுப் பாரும் பாய். நான் ஒத்தை ஆளு."

பீர் முகைதீன் அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க. எம்புட்டுப் பேரானாலும் எனக்குச் சரிதான்."

பின்னாலிருந்து பெண்குரல். முப்பது வயதிருக்கும். பருத்திச் சேலை, வெறுங்கால். இன்னொரு வழிகாட்டி போல என்று நினைத்தார். கண் தெரியாத கிழவரைவிட இவள் தேவலை. அவளையே தேர்ந்தெடுத்தார்.

"செருப்பைக் கழத்திருங்க."

"கோயிலுக்கா போறோம்?"

"வழக்கம். செல்போனையும் அமத்திருங்க. சட்டை பருத்திதான? நைலான் ஆகாது."

சிரித்துக்கொண்டே செய்தார். தரை கொதித்தது. அவள் முன்னால் நடந்தாள். இது மிளகாய் மண்டி, இது பருப்புக் கிட்டங்கி, இது எண்ணெய் வியாபாரிகள் கட்டியது... கையை நீட்டி நீட்டிச் சொன்னாள். அந்தக் கை முழங்கை வரை வெள்ளியாகப் பளபளத்தது. பட்டாசுக்குச் சேர்க்கிற அலுமினியப் பவுடர் ஏறிய கை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செருப்பு, செல்போன், நைலான்... மூன்றும் அவருடைய கம்பெனி வாசலில் எழுதிப் போட்டிருப்பவை.

பருப்பு மூட்டை அடுக்கும் அந்தக் கிட்டங்கியின் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஏதோ எழுதியிருந்தது.

ஆட்கள் 4.

அடுத்த சுவரிலும் அதேதான். இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று பட்டாசு அறைகளில் எழுதுகிற எழுத்து. இங்கே எப்படி?

பின்னால் சத்தம். சத்... சத்... சத்... வெறுங்கால்கள். ஒன்றிரண்டல்ல.

திரும்பினார். யாரும் இல்லை. புழுதியில் அவருடைய கால்தடத்தை ஒட்டி வேறு தடங்கள். எல்லாம் வெள்ளி நிறம்.

வெடிமருந்து நெடி மூக்கில் ஏறியது.

பூட்டிய கதவு ஒன்றின் முன் அவள் நின்றாள். "இதோட சுத்தினது முடிஞ்சுது. ஒண்ணு கேக்கட்டுமா?"

"யாரு நீ?"

"முத்துப்பேச்சி. நாலு வருசம் உங்ககிட்ட வேலை பார்த்தேன். பேரு கேட்டதில்லையே நீங்க." பல் தெரியச் சிரித்தாள். "அந்த ரூம்ல எம்புட்டுப் பேரு செத்தாக?"

பழக்கம்தான் பதில் சொன்னது.

"நாலு."

"அப்ப நாங்க ஏழு பேரும் சாகலை. நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கீக. சாகலைன்னா வேலைக்கு வரணும்ல, மொதலாளி?"

முதுகுக்குப் பின்னால்... முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம்.

"வந்துட்டோம்."

ஓடினார்.

செருப்பை எடுக்கவில்லை. காரை எப்படி ஓட்டினார் என்று தெரியாது. சூலக்கரை வந்ததும் மூச்சு வந்தது. வெயிலின் வேலை என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"அறைக்குள்ள எத்தனை பேர்?" அதிகாரி கேட்டார்.

பதினொன்று என்று சொல்ல வாயைத் திறந்தார். லைசென்ஸ் நினைவுக்கு வந்தது.

"நாலு."

அதிகாரி எழுதினார். தலையைத் தூக்கினார். முகம் சுளித்தார்.

"சரி. கூட வந்த பொம்பளைங்களை வெளியே நிக்கச் சொல்லுங்க. இத்தனை பேர் உள்ள வரக் கூடாது."

லைசென்ஸ் கிடைத்தது. திறந்த அன்று வாட்ச்மேன் கருப்பணன் வேலையாட்களைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். "உள்ள ஏற்கெனவே ஆளு இருக்கு மொதலாளி. வேலை ஓடுது." வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். திரும்பிப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. கம்பெனி பூட்டிக் கிடந்தது. ஓட்டலில் உட்கார்ந்தால் எட்டு இலை போட்டார்கள். டீ சொன்னால் எட்டு வந்தது.

அடுத்த வருடம் அவரே மைதானத்துக்குப் போனார். காரை ஓரமாக நிறுத்தி, பீர் முகைதீனிடம் நடந்து போய்க் கேட்டார்.

"அன்னைக்கு வந்த கைடு பொம்பள எந்த ஊரு, பாய்?"

"கைடா? இங்கன என்னைய விட்டா கைடு ஏது மொதலாளி? அவுக உங்க கார்லருந்துதான இறங்குனாக. முன்சீட்டுலருந்து."

பீர் முகைதீன் வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக் காரைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"இன்னைக்கு இறங்கலையா அவுக?"