அண்ணாச்சி வீட்டு மீன்களுக்குக் குளிர்சாதனம்

போன ஞாயிற்றுக்கிழமை தி. நகரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் இரண்டு ஃபேன் சுற்றியும் எங்களுக்கு வியர்த்துக் கொட்டியது. மூலையில் கண்ணாடித் தொட்டியிலிருந்த இரண்டு மீன்கள் மட்டும் சுகமாக இருந்தன.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த மீன்களுக்குத் தனியாகக் கூலர் வைத்திருக்கிறார்கள்!

வீட்டுக்காரர் தங்கசாமி அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பாண்டி பஜாரில் ஜவுளிக் கடை. கடைக்கு ஏ.சி. போடச் சொல்லி வாடிக்கையாளர்கள் எவ்வளவோ கேட்டுப் பார்த்துவிட்டார்கள். “வாசக் கதவைத் தொறந்து வைங்க, காத்து தானா வரும்” என்பதோடு சரி.

அப்படிப்பட்டவர் மீனுக்குக் கூலர் வைத்தாரா? வைத்தார். அந்தக் கதையில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

மீன்கள் அவருடைய ஒரே மகள் கோமதியுடையவை. விலங்கியல் படித்தவள். கல்லூரியில் கடற்கரை ஊரான மண்டபத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போனபோது நாலு மீன்களைப் பாலிதீன் பையில் போட்டு, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஆரஞ்சு நிறம், குறுக்கே வெள்ளைப் பட்டை... கடல் மீன். கார்ப்பரேஷன் தண்ணீரில் பிழைக்காது. சாந்தோம் கரையிலிருந்து கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். காற்றுப் பம்பு, வடிகட்டி எல்லாம் அவளே பொருத்தினாள். அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நாக்பூரில் வேலை. புறப்பட்டுப் போய்விட்டாள்.

மறுவாரம் நான் போனபோது, அண்ணாச்சி தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“பிள்ளை வளர்த்தது சார்வாள். அவ திரும்பி வரும்போது உசிரோட இருக்கணும்லா?”

சென்னைக் கோடை யாரை விட்டது? சித்திரை பிறந்ததும் தொட்டித் தண்ணீர் வெந்நீர் மாதிரி ஆயிற்று. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று செத்துப் போயிற்று. அண்ணாச்சி ஐஸ் வாங்கி, பாலிதீன் பையில் கட்டித் தொட்டியில் மிதக்கவிட்டார். ஒரு மணி நேரம் குளிரும். அப்புறம் மறுபடி சூடு. தண்ணீர் இப்படி ஏறி இறங்கினால் அதுவே மீனுக்கு ஆகாதாம்.

தெருவே குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்காகக் காத்திருந்த சமயம் அது. இவர் உப்புத் தண்ணீரைக் குளிர வைத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் பங்கு இங்கேதான் வருகிறது. மயிலாப்பூரில் எங்கள் தெரு முனையிலிருந்த ஓட்டலை மூடிவிட்டார்கள். அங்கே குடிதண்ணீர் கூலர் ஒன்று சும்மா கிடந்தது. அதைப் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். மறுநாளே கை வண்டியில் ஏறி அண்ணாச்சி வீட்டுக்குப் போய்விட்டது!

ராயப்பேட்டையிலிருந்து கபாலி என்றொரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வந்தார். தொட்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

“இன்னா சார், மீனுக்கா? ஜோரா பண்ணிடலாம் சார். கூலருக்குள்ள ஐஸ் மாதிரி தண்ணி கீது. அதுல ஒரு செம்புக் கொயாயச் சுருட்டிப் போட்டுடுவோம். மோட்டார் வச்சு மீன் தண்ணிய அந்தக் கொயா வழியா ஓடவுட்டா, போய்ட்டு வர்றப்போ சில்லுனு வந்துரும். ரெண்டு தண்ணியும் கலக்காது.”

சொன்னபடியே செய்தார். சாயங்காலத்துக்குள் தொட்டித் தண்ணீர் குளிர்ந்துவிட்டது. அண்ணாச்சி உள்ளே கைவிட்டுப் பார்த்து, அதே கையால் தன் நெற்றியில் தடவிக்கொண்டார். எல்லோருக்கும் பாயசம் வந்தது. கபாலி இரண்டு டம்ளர் சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஆபீசுக்கு போன் வந்தது.

“சார்வாள், உடனே வாங்க. மீன் தரையில படுத்துக் கிடக்கு.”

போய்ப் பார்த்தேன். தண்ணீர் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று மீன்களும் அடியில் சாய்ந்து கிடந்து, வேக வேகமாக மூச்சு வாங்கின. அண்ணாச்சி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கோமதியின் பேராசிரியை அடையாறில் இருப்பது நினைவுக்கு வந்தது. டாக்சி பிடித்தோம். கோடை விடுமுறை, அந்த அம்மாள் வீட்டில்தான் இருந்தார். அண்ணாச்சி சொன்னதைப் பாதி கேட்கும்போதே கேட்டார்:

“என்ன குழாய் போட்டீங்க?”

“செம்பும்மா. நல்ல கனமான செம்பு.”

“ஐயையோ! கடல் தண்ணியில செம்பு கரையும். நமக்கு ஒண்ணும் தெரியாது, மீனுக்கு அது விஷம். உடனே மோட்டாரை நிறுத்துங்க. தண்ணி முழுக்க மாத்தணும். கரையோரத்துத் தண்ணி வேண்டாம், கொஞ்சம் உள்ளே போய் எடுங்க. தகர டின்ல பிடிக்காதீங்க.”

அண்ணாச்சி அங்கிருந்தே வீட்டுக்கு போன் போட்டு, மனைவியிடம் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். கடையிலிருந்து பிளாஸ்டிக் கேன்களை எடுத்துக்கொண்டு நேரே சாந்தோம். உச்சி வெயில். மணலில் கால் வைக்க முடியவில்லை. மீனவர் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. அது ஆச்சரியம்தான்.

“குந்து நைனா. நான் போய் மொண்டுகினு வர்றேன்.”

“நானும் வாரேன்” என்றார் அண்ணாச்சி.

“உனக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்பால எதுக்கு நீ? தண்ணி மொள்ள எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரியும்ங்க. ஆனா வீட்டுல கிடக்கது என் பிள்ளையோட மீனு. இங்க என்னால உக்காந்திருக்க முடியல.”

மீனவர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கட்டுமரத்தில் இடம் காட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேன்களைக் கட்டியணைத்தபடி அண்ணாச்சி ஏறி உட்கார்ந்தார். கடையில் கல்லாவை விட்டு எழுந்திருக்காத மனிதர்! நான் அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். முதல் அலை எழும்பியபோது கட்டுமரம் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டாவது அலையில் வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது... அதற்கப்புறம் நான் கடலைப் பார்க்கவில்லை. கோயில் கோபுரம் எங்கேயாவது தெரிகிறதா என்று பார்த்தேன்.

திரும்பி வந்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். கேன்கள் நிறைந்திருந்தன. “மூடியை நானே இறுக்கி மூடினேன்” என்றார்.

தொட்டியைக் கழுவித் தண்ணீர் மாற்றி முடிப்பதற்குள் ஒரு மீன் போய்விட்டது. மற்ற இரண்டும் அன்றைக்கு முழுவதும் அசையவில்லை. அடுத்த நாள் ஒன்று எழுந்து நீந்தியது. அதற்கடுத்த நாள் மற்றது.

கபாலி மறுபடி வந்தார். “செம்பு மீனுக்கு ஆவாதுன்னு இன்னிக்குத்தான் சார் கேள்விப்படறேன்” என்று வருத்தப்பட்டார். செம்பை எடுத்துவிட்டு நீளமான பிளாஸ்டிக் டியூபைச் சுருட்டிப் போட்டார். குளிர்ச்சி கொஞ்சம் மெதுவாக ஏறியது. ஆனால் நிலையாக நின்றது. கரண்ட் போகும்போது மட்டும் பழையபடி ஐஸ் பை. மின்சாரம் எந்த நேரத்தில் போகும் என்று தெரியாததால், அண்ணாச்சி மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டார்.

வளைகாப்புக்காகக் கோமதி வந்தது போன வாரம்தான். அந்த விசேஷத்துக்குத்தான் நான் போயிருந்தேன். வந்ததும் வராததுமாகத் தொட்டியைப் பார்த்துவிட்டு, அப்படியே நின்றுவிட்டாளாம்.

“என்னப்பா, மீன் இன்னும் இருக்கா? காலேஜ் லேபுக்குக் குடுத்திருப்பீங்கன்னுல்லா நினைச்சேன்!”

கட்டுமரத்தில் போனது முதல் எல்லாவற்றையும் அண்ணாச்சி மனைவி சொல்லி முடித்தார். கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. எழுந்துபோய் கூலர் ஸ்விட்சைத் தேவையில்லாமல் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

வளையல் அடுக்கி முடிந்து சாப்பிடும்போது, கோமதி என் எதிரிலேயே ஆரம்பித்தாள்.

“அப்பா, இனிமே எதுக்கு உங்களுக்கு இந்தக் கஷ்டம்? குழந்தை பொறந்ததும் நான் போயிருவேன். மிஸ்ஸுகிட்டப் பேசுதேன். காலேஜுலயே வச்சுக்கிடுவாங்க.”

“அங்க கூலர் இருக்கா?”

“இல்ல...”

“பின்ன என்ன? சாம்பாரை ஊத்திச் சாப்பிடு.”

பேச்சு அதோடு முடிந்தது. இலையை மூடிவிட்டு அவர் நேரே போய் உட்கார்ந்த இடம் தொட்டிக்கு முன்னாலிருந்த முக்காலி. மகள் பந்தியில் இருந்தாள். மகளுக்காக என்று தொடங்கிய காரியத்தில் இப்போது மகளுக்கே வேலை இல்லை.

நான் யோசித்துப் பார்க்கிறேன். பிள்ளைக்காக, பெண்டாட்டிக்காக, விருந்தாளிக்காக என்று எத்தனை காரியம் ஆரம்பிக்கிறோம்! எல்லாம் அவர்களுக்காகத்தானா?

ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனுஷன் எதன்மேலாவது ஆசைப்பட வேண்டுமென்றால், சாக்காகக் கையில் யார் பெயராவது வேண்டியிருக்கிறது — அவ்வளவுதான்.