போடாத இலை

மாத்தளையில் மாட்டிறைச்சிக் கறி என்றால் இத்ரூஸ் நானா; இத்ரூஸ் நானா என்றால் கஞ்சா இலை. ஊர் இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டது. அறுபதுகளில் உக்குவளையிலிருந்து ரத்தோட்டை வரைக்கும் எந்த முஸ்லிம் கலியாண வீடானாலும் பெரிய அண்டாவான கிடாரத்துக்கு முன்னால் நின்று சமைத்த கோக்கி அவர்தான். ஸஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, இரண்டு தரம் கறி கேட்டு வாங்கி, எலும்பையும் விடாமல் சாப்பிடுவார்கள். எழுந்து கை கழுவும்போது அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்கள். "நானா, இலை நல்லா வேலை செஞ்சிருக்கு."

அந்த ஒரு பேச்சுத்தான் அவருக்கு ஆகாது. உப்புக் கூடிவிட்டது என்று சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொள்வார். இறைச்சியைக் கொறக்காப் புளியில் ஊற வைத்தது அவர். விறகை இழுத்துவிட்டுத் தணலிலேயே மூன்று மணி நேரம் கறியைக் காத்தது அவர். கறுவாவும் கராம்பும் எந்தக் கொதியில் விழவேண்டும் என்று அறிந்ததும் அவர் கைதான். மசாலாத்தூளை மட்டும் மனைவி மஸீனா வீட்டு உரலில் இடித்துத் தருவாள். இவ்வளவையும் விட்டுவிட்டு, இல்லாத ஓர் இலைக்கு மாலை போட்டால் எந்த மனிதனுக்குத்தான் வயிறு எரியாது?

அது வெள்ளைக்காரன் காலத்திலேயே தடை செய்த இலை. அனுமதி பெற்ற நாட்டு வைத்தியர்கள் மருந்துக்கு எடுக்கலாம். மற்றவன் மடியில் இருந்தால் வழக்கு. ஆனாலும் நல்ல கறியைச் சாப்பிட்டால் அதற்குள் இலையைத் தேடுவது நம் ஆட்களின் குணம். கோக்கியின் கையை நம்புவதைவிட அது சுலபம்.

அறுபத்தாறாம் ஆண்டு முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த பொன்னுத்துரை வைத்தியர் ஒரு மனு எழுதத் தொடங்கினார். மருந்துக்கும் சமையலுக்கும் அந்த இலையை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது மனு. அதைக் கேட்டதும் பள்ளிவாசல் காரியதரிசி ஸக்கரியா மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருவில் நின்று சண்டை பிடிப்பது இருவருக்கும் அழகில்லை என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நகர மண்டபத்தில் ஊர் முன்னிலையில் பேசுவதென்று முடிவாயிற்று.

இரண்டு பேருமே சாட்சி தேடி வந்தது இத்ரூஸிடம்தான். "இத்தனை வருஷம் அந்த இலையைப் போட்டு ஊருக்கே ஆக்கிப் போட்டீங்க, ஒருத்தருக்காவது தலை சுத்திச்சா? அத வந்து சொல்லுங்க" என்றார் வைத்தியர். "செஞ்ச தவறை ஒத்துக்கொண்டு, இனிமேல் போட மாட்டேன் எண்டு சொல்லுங்க, ஊர் திருந்தும்" என்றார் மாஸ்டர். போட்டாயா என்று கேட்க இருவருக்குமே தோன்றவில்லை. இத்ரூஸ் இரண்டு பேரிடமும் "வாறேன்" என்று மட்டும் சொன்னார். ஊர் கூடியிருக்கும் இடத்தில் தன் கையின் பெயரை மீட்டுக்கொள்ள இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று அவர் மனதில் ஒரு கணக்கு.

மண்டபம் நிறைந்துவிட்டது. வைத்தியர் வயிற்றுக் கடுப்பையும் தூக்கமின்மையையும் பற்றிப் பேசினார். சாராயத் தவறணைக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டு இலைக்கு விலங்கு போடுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டபோது நல்ல கைதட்டல். மாஸ்டரும் லேசுப்பட்டவர் இல்லை. புத்தியை மறைப்பது எதுவானாலும் ஹராம் என்றார்; சம்பள நாளில் புகையாய்ப் போன குடும்பங்களை எண்ணிச் சொன்னார்; குசினிக் கதவால் நுழைந்தது நாளைக்குப் பீடியில் வந்து நிற்கும் என்றார். அதற்கும் அதே கைதட்டல். கேட்டவர்களில் பாதிப்பேர் இரண்டு பக்கத்துக்கும் தட்டினார்கள்.

பிறகு இத்ரூஸ் எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வல்லாஹி, என்ட கறியில ஒரு நாளும் அந்த இலை விழுந்ததில்ல. அது என்ட கைப்பக்குவம்" என்றார்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் மாஸ்டர்கூடச் சேர்ந்துகொண்டார். பொலிஸுக்குப் பயந்து சொல்கிறார், பாவம், விடுங்கள் என்றார்கள். இத்ரூஸுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் நடந்து வீட்டுக்குப் போகையில் மனம் லேசாகத்தான் இருந்தது. நம்பாவிட்டால் போகட்டும், சொல்ல வேண்டியதை அல்லாஹ்வை முன்வைத்துச் சொல்லியாயிற்று.

வீட்டில் மஸீனா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"வல்லாஹி எண்டா சொன்னீங்க?"

"ஓம். ஏன்?"

அவள் அழ ஆரம்பித்தாள். கலியாணம் முடித்த புதிதில் அவர் சமைத்த முதல் பெரிய விருந்தை அவள் மறக்கவில்லை. ஸஹன்களில் பாதிக் கறி மிஞ்சிப்போக, அவர் இரண்டு நாள் சோற்றில் கை வைக்கவில்லை. தாங்கமாட்டாமல் ரத்தோட்டையில் தன் உம்மாவிடம் போய்ச் சொன்னாள். உம்மா ஒரு துணி முடிச்சில் காய்ந்த கஞ்சா இலை தந்தா, மசாலாவோடு ஒரு பிடி சேர்த்து இடி என்று. அன்றிலிருந்து பதினெட்டு வருஷம். முடிச்சில் இலை தீர்ந்தால் அவளுடைய மூத்த சகோதரர் கொண்டுவந்து தருவார். அவரும் காட்டுக்குள் சேனை செய்கிறவர்களிடம் வாங்குவார்.

"பொலிஸ் வந்தா நா தனியாப் போகலாம் எண்டு நெனச்சித்தான் உங்களுக்குச் சொல்லல்ல," என்றாள் மஸீனா. "நீங்க சத்தியம் செய்வீங்க எண்டு எனக்குத் தெரியாதே."

இத்ரூஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. முட்டாள் அவர் ஒருவர்தான். பொய்ச் சத்தியத்தைவிட அதுதான் அவரை அறுத்தது. அதை நினைத்து வெட்கமும் பட்டார்.

மறுநாள் பள்ளிவாசலில் மீராசாஹிப் லெப்பையிடம் போய் விஷயத்தைச் சொன்னார். லெப்பை தாடியைத் தடவிக்கொண்டார். "உண்மை எண்டு நெனச்சிச் செஞ்ச சத்தியத்துக்குக் குத்தமில்ல, இத்ரூஸ்."

"மனசு கேக்குதில்லயே, ஹஸரத்."

"அப்ப சத்தியத்துக்குப் பரிகாரம், கஃப்பாரா எண்டு நெனச்சிக்கொண்டு பத்து ஏழை மிஸ்கீனுக்கு வயிறாரச் சோறு குடுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வேலதானே."

தெரிந்த வேலைதான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை இத்ரூஸ் விடியும் முன்பே எழுந்து உரலடிக்கு வந்துவிட்டார். மஸீனா இலை இல்லாமலே இடித்துத் தருகிறேன் என்றாள். அவர் உலக்கையை வாங்கித் தானே இடித்தார். துணி முடிச்சு ஏற்கனவே அடுப்பில் எரிந்து போயிருந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கிடாரத்துக்குள் அவருடைய கை மட்டும்தான் இருந்தது. அது எவ்வளவு பெறும் என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

ஜும்ஆ முடிந்ததும் பத்துப்பேர் முற்றத்தில் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், பஸ் நிலையத்தில் கையேந்துகிறவர்கள், கண் தெரியாத ஒரு பெண். அவர்களோடு அழகுமுத்துவும் இருந்தான். மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை, பொழுது சாய்ந்தால் கஞ்சாப் புகை. மாத்தளையில் அந்த இலையின் மணமும் குணமும் அவனைப்போல அறிந்தவன் கிடையாது. வைத்தியரே அவனிடம் பாடம் கேட்கலாம்.

கறியைப் பரிமாறிவிட்டு இத்ரூஸ் தள்ளி நின்றார். மற்ற ஒன்பது பேரையும் அவர் பார்க்கவில்லை. அழகுமுத்து முதல் கவளத்தை வாயில் வைத்தான். மென்றான். இன்னொரு கவளம். பிறகு பேச்சே இல்லை, சோறு போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் தரம் கேட்டான். எலும்பைத் தட்டி உறிஞ்சினான். கடைசியில் விரலை நக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

"மண்டபத்துல நீங்க சத்தியம் பண்ணத நா கேட்டேங்க, நானா. ஊருக்காகச் சொன்னீங்க, சரி. ஆனா எங்கிட்ட மறைக்க முடியுங்களா? இன்னிக்கு எல கொஞ்சம் தூக்கலாவே விழுந்திருக்கு."

அவன் கண்ணையும் சிமிட்டினான்.

வாழ்நாளெல்லாம் எந்தப் பேச்சைக் கேட்டு வயிறெரிந்தாரோ, அதே பேச்சு இன்றைக்கு இத்ரூஸுக்கு இனித்தது. அகப்பையை எடுத்து அவன் பக்கம் இன்னும் இரண்டு துண்டு இறைச்சி வைத்தார்.

வைத்தியரின் மனு கொழும்புக்குப் போனது. பதில் வந்ததாக யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு எல்லோரும் எழுந்துபோன பிறகு, கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மஸீனா வெளியே வந்தாள். கிடாரத்தை எட்டிப் பார்த்தாள். வழித்தெடுத்த மாதிரி இருந்தது.

"அப்ப நா பதினெட்டு வருஷமும் சும்மாவா பயந்துகொண்டு இருந்தேன்?" என்றாள்.