வெளியே வந்த இரண்டு அங்குலம்

எங்கள் வீட்டில் அண்ணன் போலீஸ், தம்பி ராணுவம். உயரம் அளந்த இடத்திலெல்லாம் தோற்றுத் திரும்பிய நான், தென்காசியில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் ஆனேன். நாற்பது தாண்டிய பிறகு ஓர் ஆசை வந்து, ஷூவுக்குள் வைத்தால் ஆளை இரண்டு அங்குலம் உயர்த்திக் காட்டும் மெத்தை ஒரு ஜோடி ஆன்லைனில் வாங்கினேன். மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. கரும்பலகையின் மேல்வரியைக் குதிகால் தூக்காமலே எழுதினேன்.

பிறகு அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலை யாரோ திருடி வெளியே விட்டுவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றி, மேலகரத்தில் எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. என் பெயர், அதற்கு நேரே ‘உயரம் கூட்டும் மெத்தை, ஆண்கள், இரண்டு அங்குலம்’. மறுநாள் ஒன்பதாம் வகுப்பு முழுக்க என் காலைப் பார்த்துக்கொண்டே பாடம் கேட்டது.

கம்பெனி மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பியது. அதோடு விட்டிருக்கலாம். வாரம் ஒருமுறை ஒரு பெண் போன் செய்ய ஆரம்பித்தாள்.

“சார், நடந்த பாதிப்புலேர்ந்து எந்த அளவுக்கு மீண்டு வந்திருக்கீங்க? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க.”

“பூஜ்யம்.”

அடுப்படியிலிருந்து மனைவி, “என்ன இப்படிச் சொல்லுதிய? காலைல எட்டு இட்லி சாப்ட்டிய. ரெண்டுன்னு சொல்லுங்க” என்றாள். அந்தப் பெண் இரண்டு என்று குறித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒன்று என்றேன்.

“ஏன் சார் குறைஞ்சிடுச்சு?”

“எங்க அண்ணன் போன் போட்டான்.”

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. சிரிச்சான்.”

சாரல் தொடங்கியதும் ஆசிரியர்கள் எல்லோரும் பள்ளி முடிந்த கையோடு குற்றாலம் கிளம்பினோம். ஐந்தருவியில் நான் ஷூவைக் கழற்றியபோது, பார்க்காதது போல எல்லோரும் பார்த்தார்கள். தலைமையாசிரியர் மட்டும் என்னைத் தனியே கூட்டிப்போனார். அவரும் என் உயரம்தான். அருவி இரைச்சலில் என் காதருகே வந்து கேட்டார்.

“ஓய், அதைப் போட்டு நடந்தா முட்டு வலிக்குமா?”

“முதல் ரெண்டு நாள் வலிக்கும் சார்.”

“மாடிப்படி?”

“ஏறலாம். இறங்கும்போதுதான் பாத்து இறங்கணும்.”

தலையைத் துவட்டியபடி யோசித்தார். “எனக்கும் ஒரு ஜோடி போடும். உம்ம பேருலயே போடும். உம்ம பேருதான் ஏற்கெனவே வெளிய வந்துட்டுல்லா. யார்ட்டயும் மூச்சு விடப்படாது.”

அதில் மறுக்க ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆர்டர் போட்டேன்.

அடுத்த போனில் அந்தப் பெண்ணின் குரலே மாறியிருந்தது. “சார், மறுபடி எங்ககிட்ட வாங்கியிருக்கீங்க. அதனால உங்களுக்குப் பத்துன்னு சிஸ்டமே போட்டுடுச்சு. எது சார் உதவியா இருந்துச்சு? எங்க மன்னிப்பா, தள்ளுபடி கூப்பனா, வேற எதாவதா?”

“வேற.”

“என்னன்னு சொல்ல முடியுமா சார்?”

“அதை வெளிய சொல்லக்கூடாதும்மா.”

“அப்ப மன்னிப்புன்னு போட்டுக்கவா?”

“போட்டுக்கோங்க.”

அதன்பின் போன் வரவில்லை. பார்சல் வந்தது. நான் பள்ளியிலிருந்து திரும்பும் முன் மனைவி அதைப் பிரித்துவிட்டிருந்தாள். புது ஜோடியையும் என் ஷூவையும் மாறி மாறிப் பார்த்து, “இனி நாலு அங்குலமா?” என்றாள்.

தலைமையாசிரியருக்குக் கொடுத்த வாக்கை நினைத்து, ஆமாம் என்றேன்.